என் வீட்டுக்காரரின் குடி

என் வீட்டுக்காரர் வாழ்க்கையில் ஒரு சொட்டு குடித்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் சுங்கைப் பட்டாணி டவுனில் ஒரு கடைவீட்டு மாடியில் உட்கார்ந்து, அவருடைய குடியைப் பற்றி விலாவாரியாகச் சொன்னவள் நான்தான்.

குடித்தது நான். பிள்ளை பெற்ற உடம்புக்கு நல்லது என்று முட்டையில் அடித்துக் கொடுத்த பிராந்தியில் ஆரம்பித்தது. எங்கள் பக்கம் அது மருந்து, யாரும் தப்பாக நினைப்பதில்லை. உடம்பு தேறியதும் மற்றப் பெண்கள் அந்த மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். நான் நிறுத்தவில்லை. முதலில் இடுப்பு வலிக்கு, பிறகு தூக்கத்துக்கு, பிறகு மகன் ஜொகூருக்கு வேலைக்குப் போன துக்கத்துக்கு. கடைசியில் காரணம் தேடுவதையே விட்டுவிட்டேன்.

ஒரு நாள் நான் வேலை செய்யும் கையுறைத் தொழிற்சாலையில் பெட்டிக்கு டேப் ஒட்டும்போது கை நடுங்கி, டேப் என் விரல்களையே சுற்றிக்கொண்டது. பக்கத்தில் நின்ற நேப்பாளப் பெண் பிரித்துவிட்டாள். ஏன் நடுங்குகிறது என்றுகூடக் கேட்கவில்லை. அவளுக்கு வாடை தெரிந்திருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

எங்கள் ஊர் திகாம் பத்துவில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். அதனால் இரண்டு பஸ் மாறி அலோர் ஸ்டார் போய், அங்கே மெர்கோங் பகுதியில் முன்பின் தெரியாத ஒரு கிளினிக்கில் நுழைந்தேன். டாக்டர் ஒரு மலாய்க்காரப் பெண். “சாயா மினும், டாக்டர்” என்று அவருடைய மொழியில் சொன்னேன். குடிக்கிறேன் என்று தமிழில் சொல்ல எனக்கு வாய் வந்திருக்காது. அவர் திட்டவில்லை. எவ்வளவு, எத்தனை மணிக்கு, எத்தனை வருடமாக என்று கேட்டு எழுதிக்கொண்டார். ரத்தம் எடுத்தார். நடுக்கத்துக்கும் தூக்கத்துக்கும் ஒரு வார மாத்திரை கொடுத்து, திரும்ப வந்து காட்டச் சொன்னார். மாத்திரை மட்டும் போதாது, குடியை விட்டவர்களோடு பேச வேண்டும் என்று சொல்லி, தமிழில் கூட்டம் நடக்கும் அந்தக் கடைவீட்டு விலாசத்தையும் எழுதிக் கொடுத்தார். அன்று நான் குடிக்கவில்லை; அதிலிருந்து நாட்களை எண்ண ஆரம்பித்தேன்.

முதல் ஞாயிறு. மாடிப்படி ஏறி முடிப்பதற்குள் வியர்த்துக் கொட்டியது. கூட்டத்தை நடத்துபவர் ஒரு லோரி ஓட்டுநர். குடியை விட்டுப் பல வருடம் ஆகிறதாம். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து, “வாங்கக்கா. அண்ணன் வரலையா?” என்றார்.

“அவரு வரமாட்டேங்கிறாரு” என்றேன்.

அவ்வளவுதான். ஒரே ஒரு வாக்கியம். ஜன்னல் பக்கம், கணவன்மாரின் குடிக்காக வந்த மனைவிமார் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். என்னை அவர்கள் நடுவில் உட்கார வைத்து, கையில் மைலோவைக் கொடுத்து, முதுகைத் தடவிவிட்டார்கள். இத்தனை அன்பைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. தைரியம் வரவில்லை என்பதுதான் நிஜம்.

மனைவிமாரின் முறை வந்தபோது நானும் பேசினேன். அரிசி டின்னுக்குள் போத்தல். குளியலறையில் பைப்பைத் திறந்துவிட்டுக் குடிப்பது. வாய்க்கு ஏலக்காய். சந்தேகம் வராமலிருக்க மூன்று கடைகளில் மாற்றி மாற்றி வாங்குவது. எல்லாம் சத்தியம், ஆளைத்தான் மாற்றினேன். பக்கத்திலிருந்த அக்கா வாயில் கைவைத்தாள்.

“என் வீட்டுல இருக்கறது குடிச்சா தாமான்ல அத்தன வீட்டுக்கும் கேக்கும். உங்க வீட்டுக்காரரு என்னலா, பொம்பள மாதிரி ஒளிஞ்சு குடிக்கிறாரு?”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

ஆனால் அங்கே கேட்டது எனக்குப் பயன்பட்டது, அதையும் சொல்லத்தான் வேண்டும். “சாயங்காலம் ஆறு மணி ஆனா அவரால இருக்க முடியல, என்ன செய்யணும்?” என்று கேட்பேன். லோரிக்காரர் நேராகப் பதில் சொல்வார். வயிற்றைக் காயவிடக் கூடாது, இனிப்பாக ஏதாவது சாப்பிட வேண்டும், வீட்டை விட்டு வெளியே நடக்க வேண்டும், முடியாவிட்டால் தனக்குப் போன் செய்ய வேண்டும். “என் நம்பர அண்ணன்கிட்ட குடுங்கக்கா. எந்நேரமும் பேசலாம்.” இனிப்பு சாப்பிட்டேன், நடந்தேன். போன் மட்டும் செய்ய முடியவில்லை. எந்தக் குரலில் பேசுவது?

வீட்டில் தையல் வகுப்பு என்று சொல்லி வைத்திருந்தேன். நான்காவது ஞாயிறு மழை. என் வீட்டுக்காரர் தன் வேனிலேயே கொண்டுவந்து கடைவீட்டு முன்னால் இறக்கிவிட்டார். அது பள்ளிக்கூட வேன். கதவில் அதுவும் எங்கள் விலாசமும் எழுதியிருக்கும். மாடி ஜன்னலிலிருந்து அதை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். எனக்கு அது உறைக்கவே இல்லை.

அடுத்த சனிக்கிழமை மதியம் லோரிக்காரர் எங்கள் வீட்டு வாசலில் நின்றார். தையல் மிஷின் பழுது பார்க்க வந்தவர் என்றுகூட என்னால் ஒரு பொய் ஜோடிக்க முடியவில்லை. என் வீட்டுக்காரர் உள்ளே அழைத்து உட்கார வைத்தார்.

“தப்பா எடுத்துக்காதீங்கண்ணே. நானும் குடிச்சிட்டு லோரி ஓட்டுனவன்தான். அரிசி டின்னு, பாத்ரூம் பைப்பு, அக்கா எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. நீங்க வேன்ல புள்ளைங்கள ஏத்துறீங்கன்னு போன வாரந்தான் தெரிஞ்சுச்சு. எனக்குத் தூக்கம் வரலண்ணே. குடிய நிறுத்துற வரைக்கும் வேன எடுக்காதீங்க. வேற ஆள் நான் பாத்துத் தர்றேன். இல்லன்னா பெத்தவங்ககிட்ட நான் சொல்லித்தான் ஆகணும்.”

நான் தேநீர்த் தட்டோடு அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் முதலில் திருதிருவென்று விழித்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவருடைய அப்பா ரப்பர் தோட்டத்தில் சம்சு சாராயம் குடித்தே போய்ச் சேர்ந்தவர். அந்த வீட்டில் வளர்ந்தவருக்கு ஒரு பார்வை போதும். சட்டைப் பையிலிருந்து வேன் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“சரி தம்பி. ஆள் பாருங்க.”

பதினான்கு வருடமாக அவர் ஓட்டும் வேன். குடிகாரன் என்று ஒரு தடவை பெயர் வந்துவிட்டால் பிறகு எந்தத் தாய் தன் பிள்ளையை அதில் ஏற்றுவாள்? அது தெரிந்துதான் சாவியை வைத்தார். எனக்கு நெஞ்சு உருகவில்லை, ஆத்திரம்தான் வந்தது. பெரிய தியாகி! என்னை ஒரு வார்த்தை கேட்டாரா? இன்னொன்றும் வந்தது. அப்படியே வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டால் என்ன என்று ஒரு நிமிடம் யோசித்தேன். அதை மறைத்துவிட்டு இதை எழுதுவதில் அர்த்தமில்லை.

தட்டைக் கீழே வைத்தேன்.

“அவரு குடிக்கல தம்பி. நான்தான் குடிக்கிறேன்.”

தமிழில் அதைச் சொன்னது அன்றுதான் முதல் தடவை. லோரிக்காரர் எழுந்தார். சாவியை எடுத்து என் வீட்டுக்காரர் கையில் கொடுத்தார். “மன்னிச்சிக்குங்கண்ணே” என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். பரிதாபப்படவில்லை. கூட்டத்தில் ஒவ்வொரு ஆணிடமும் கேட்கிற அதே கேள்வியை, அதே குரலில் கேட்டார்.

“விட்டு எத்தன நாளாச்சுக்கா?”

“இருபத்தொம்போது” என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

“பதினேழு” என்றார் என் வீட்டுக்காரர்.

குரலை உயர்த்தவில்லை. கையிலிருந்த சாவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டாவது நாள் வேலை முடிந்து வரும் வழியில் ஒரு சின்னப் போத்தல் வாங்கி, பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் நின்று குடித்து, வாயைக் கழுவி, ஏலக்காய் மென்றுதான் வீட்டுக்கு வந்தேன். அப்படியும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. டாக்டரிடம் சொல்லவில்லை. ஒரு நாள்தானே என்று அதைக் கணக்கில் சேர்க்காமலே எண்ணிக்கொண்டு வந்தேன். மறுப்பதற்குத்தான் வாயைத் திறந்தேன்.

“பதினேழுதான், தம்பி” என்றேன்.