ஊதிக் காட்டு

எங்கள் அண்ணனுக்கு வலது கை தோளுக்கு மேல் எழும்பாது. ஏர் பிடித்த கை. அதை அப்படி ஆக்கிய ஆளை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. மன்னிக்கிற உத்தேசமும் இல்லை.

ஐம்பதுகளில் எங்கள் பக்கம் மதுவிலக்கு. ஜூஜுவாடியைத் தாண்டி மைசூர் மண்ணில் கால் வைத்தால் சாராயக்கடை. அதனால் அத்திப்பள்ளிச் சந்தைக்குப் போய்த் திரும்புகிறவர்களை எல்லையில் நிறுத்தி, முகத்துக்கு நேரே மூக்கை நீட்டி, "ஊதுடா" என்பார் ஓர் ஏட்டு. நெல்லுச்சோற்றுச் சீமையிலிருந்து வந்தவர். நாங்களோ கேழ்வரகுக் கூழைப் புளிக்க வைத்து, பச்சை வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடிக்கிற கூட்டம்.

அண்ணன் ஊதினார். சாராயம் என்றார் ஏட்டு.

"கூழுங்க சாமி. ஊட்டுக்கு வாங்க, உங்களுக்கும் ஒரு சொம்பு ஊத்தறோம்."

சுற்றி நின்ற வண்டிக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புக்குத்தான் அடி. ஸ்டேஷனுக்குள் கொண்டுபோய்க் கையை முதுகுப் பக்கம் முறுக்கியதில் தோள்மூட்டு நழுவியது. குடித்துவிட்டு விழுந்தான் என்று சொல்லிவிட்டார் ஏட்டு.

அண்ணி அழவில்லை. "அந்தாளு வாயாலயே உண்மைய கக்க வெக்கறேன் பாரு" என்றார். அந்தப் பேச்சை நான் உப்புப் போட்டுப் பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

மனு மேல் மனுவாகக் கொடுத்து, கடைசியில் ஒரு பெரிய அதிகாரி எல்லைக்கே விசாரிக்க வந்தார். வண்டிக்காரர்கள் தரையைப் பார்த்தார்கள். நாளைக்கும் அந்த வழியாகத்தானே வண்டி ஓட்ட வேண்டும்? அண்ணி மட்டும் இடுப்பில் கூழ்ப்பானையோடு முன்னால் போனார்.

"ஒரு வாய் குடிங்க தொரே. எம் புருசன் அன்னிக்குக் குடிச்சது இதான்."

அதிகாரி தயங்கினார். பிறகு வெங்காயத்தையும் வாங்கிக் கடித்துக்கொண்டு குடித்தார். அண்ணி ஏட்டுப் பக்கம் திரும்பினார்.

"இப்ப தொர வாய மோந்து பாருங்க சாமி. அதே நாத்தம்னா இவரயும் இட்டுக்கினு போயி கைய முறுக்குங்க."

யாரும் சிரிக்கவில்லை. அதிகாரி ஏட்டின் முகத்துக்கு நேரே ஊதினார்.

"என்ன வாசனைய்யா?"

"கூழுங்கய்யா."

"அன்னிக்கு அவன் வாயில?"

"இதேதாங்கய்யா."

அதற்குப் பிறகுதான் வண்டிக்காரர்களுக்கு வாய் திறந்தது. "என்னயும் அடிச்சாரு தொரே", "எங்க மாமனயும்" என்று ஆளாளுக்கு முதுகைக் காட்டினார்கள்.

ஏட்டின் கைப்பட்டையைப் பிடுங்கி, சாதாரணக் கான்ஸ்டபிளாக்கினார்கள். மாற்றல் வரும்வரை அதே எல்லையில்தான் நின்றார். போகிற வருகிற வண்டியெல்லாம் அவர் முன்னால் நிற்கும். கேட்காமலே ஊதிவிட்டுப் போவார்கள்.

சந்தையில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. இருந்தாலும் நன்றாகப் புளித்த கூழாகப் பார்த்துக் குடித்துவிட்டு, அண்ணனையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன்.

"ஊதட்டுங்களா ஐயா?"

அவர் முகத்தைத் திருப்பினார். திருப்பிய பக்கமே சுற்றிப் போய் ஊதினேன்.

"போதும்டா, வா" என்றார் அண்ணன்.

"உனக்குப் போதும்ண்ணா" என்று சொல்லிவிட்டு வண்டியேறி, நான் சாட்டையை ஓங்கினேன். அண்ணன் கையால் அது முடியாது.