ஆட்டமில்லாத மேசை

இன்று சூரமங்கலத்துப் பழைய இரும்புக் கடைக்குப் போனேன்.

வீட்டு டிரில் மெஷினில் தறிக்கான மரக் கட்டைகளைக் கையால் பிடித்துக்கொண்டுதான் துளை போடுகிறேன். போன வாரம் கட்டை சுழன்று ஆள்காட்டி விரலில் அடித்தது. விரல் இன்னும் மடங்காமல் மரத்தே கிடக்கிறது.

கட்டையை இறுக்கிவிட்டுக் கைப்பிடியைத் திருகினால், குறுக்கும் நெடுக்கும் நகர்கிற சின்ன இரும்பு மேசை ஒன்று டிரில்லுக்கு அடியில் வைக்க வேண்டும். யுத்த காலத்தில் இறக்குமதி நின்றுபோயிருக்க, புதிதுக்கு எங்கே போவது?

கடையில் இரண்டு பழைய மேசைகள் இருந்தன. ஒன்றில் கைப்பிடி சுலபமாகத் திரும்பியது, ஆனால் மேசை கடகடவென்று ஆடியது. மற்றது விலை குறைவு. அதன் கைப்பிடி மாட்டாமல் தனியாகக் கிடந்தது.

கடைக்காரர் அதை உலுக்கிக் காட்டினார். "பாருங்க, துளிகூட ஆட்டமில்லீங்க. கைப்பிடிய ஊட்டுல போயி மாட்டிக்குங்க."

வாங்கி வந்து மாட்டினேன். திருகினால் மேசை நகரவே இல்லை. உள்ளே முழுக்கத் துருவேறி இறுகியிருந்தது.

மறுபடியும் சுமந்துகொண்டு போய்க் கேட்டேன்.

"ஏனுங்க, ஆட்டமில்லைன்னுதானுங்க சொன்னேன். ஓட்டம் இருக்குதுன்னு சொன்னனுங்களா?"

கோபம்கூட வரவில்லை. மறுபடியும் சுமந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன்.

இப்போது விரலும் அசைவதில்லை, மேசையும் அசைவதில்லை.

கொஞ்சம் ஆடினாலும் பரவாயில்லை, நகர்கிற மேசை யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். கைப்பிடியோடு.