ஐலா அனுப்பாத குறிப்புகள்

கனடாவின் தண்டர் பே நகரில் பள்ளிப் பேருந்துகள் எந்தத் தெருவில் எத்தனை மணிக்கு நிற்க வேண்டும் என்பது பத்தொன்பது வருடங்களாக ஐலா கோஸ்கெலாவின் கணினியில்தான் இருந்தது. நூற்றுப் பன்னிரண்டு தடங்களையும் அவளே எக்செல் பட்டியலாகப் போட்டு வைத்திருந்தாள். ஐலாவுக்குக் காய்ச்சல் என்றால் மேலாளர் கார்டனுக்கு வியர்த்துவிடும். அது அவளுக்குப் பிடித்திருந்தது.

ஒரு வசந்தத்தில் நிறுவனம் புதிய மென்பொருள் வாங்கியது. தடங்களைத் தானே வகுக்கும். ஓட்டுநரின் திரையில் வழி சொல்லும். பொறுப்பை கார்டன் ஐலாவிடம் தரவில்லை. இரண்டு வருடம் முன்பு சேர்ந்த ஜானெல் பெல்டியேவிடம் தந்தார். ஜானெலுக்கு வேலை சொல்லிக் கொடுத்தவளே ஐலாதான்.

டொராண்டோவில் பயிற்சி முடித்துத் திரும்பிய அன்று ஜானெல் எல்லோருக்கும் இளஞ்சிவப்புப் பாகு பூசிய பெர்ஷியன் பன் வாங்கி வந்தாள். ஐலா தன் பங்கைக் காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போட்டாள். ஜானெலின் மேசையில் ஏறிய இரண்டாவது திரை, கார்டன் அதனருகே நின்று சிரிப்பது, ஓட்டுநர்கள் "ஜானெலைக் கேளு" என்று சொல்வது என எதைப் பார்த்தாலும் வயிறு எரிந்தது. வீட்டில் பாத்திரம் கழுவும்போதும் அந்தச் சிரிப்பே காதில் ஒலித்தது.

ஆகஸ்டில் ஜானெல் வந்து நின்றாள்.

"ஐலா, உங்க பட்டியலை அனுப்புறீங்களா? அதை ஏத்திட்டா பாதி வேலை முடிஞ்சிரும்."

"அதான் உன் பெட்டி எல்லாத்தையும் தானே கண்டுபிடிக்குமே?"

"உங்க தலையில இருக்கறது அதுக்கு எப்படித் தெரியும்?" என்று ஜானெல் சிரித்தாள். கேலியே இல்லாத சிரிப்பு. ஐலாவுக்கு அதுதான் பொறுக்கவில்லை.

பட்டியலின் கடைசிப் பத்தியில் அவளுடைய குறிப்புகள் இருந்தன. இந்த வீட்டில் நாய் அவிழ்ந்து கிடக்கும், இந்தச் சந்தில் பேருந்தைத் திருப்ப முடியாது, இப்படி இருநூற்றுப் பதினான்கு. ஒரு நகலெடுத்து, அதில் அந்தப் பத்தியை மட்டும் அழித்துவிட்டு அனுப்பினாள்.

"எல்லாம் இருக்கா?"

"இருக்கு."

செப்டம்பரில் பள்ளி திறந்த செவ்வாய்க்கிழமை, காலையிலிருந்தே தொலைபேசி ஓயவில்லை. ஒரு பேருந்து சந்துக்குள் சிக்கிக்கொண்டது. ஜானெல் இரண்டு காதிலும் தொலைபேசியோடு அலைந்தாள். ஐலா காபியை நிதானமாக உறிஞ்சினாள்.

"என்ன, பெட்டி மக்கர் பண்ணுதா?"

மாலை மூன்றரைக்கு அவள் கண் தற்செயலாக, பேருந்துகள் இருக்கும் இடத்தைக் காட்டும் சுவர்த் திரையில் விழுந்தது. நாற்பத்தேழாம் தடம் நெடுஞ்சாலையின் மேற்கு ஓரத்தில் நிற்கப்போகிறது. அங்கே இறங்கும் சிக்னே ஹால்வோர்சனுக்கு ஏழு வயது. வீடு கிழக்குப் பக்கம்; சாலையைக் கடந்துதான் போக வேண்டும். அவளுக்குக் காது கேட்காது. ஐலா பாய்ந்து வயர்லெஸ்ஸை எடுத்து ஓட்டுநரை அழைத்தாள்.

"வெஸ்! சிக்னேயை இறக்காதே!"

"கதவைத் திறந்துட்டேன் ஐலா. திரையில இங்கதான்னு..."

"திரை கிடக்கட்டும்! மூடு! முன்னால போய்த் திரும்பி வந்து, அவ வீட்டுப் பக்கமா இறக்கு."

வயர்லெஸ்ஸில் நீண்ட ஹாரன் சத்தம் கேட்டது. "உக்கார வெச்சுட்டேன்," என்றான் வெஸ். "பஸ்ஸுல சிவப்பு விளக்கு எரிஞ்சும் மரம் ஏத்தின லாரி ஒண்ணு நிக்காமலே போகுது."

கார்டன் கைதட்டினார். "பாத்தீங்களா! எந்தக் கம்ப்யூட்டருக்கு இது தெரியும்?"

எத்தனை மாதமாக அவள் ஏங்கிய வார்த்தை அது! ஜானெலின் முகம் வெளுத்திருந்தது. "என் தப்பு. நான் சரிபாத்திருக்கணும்," என்றாள். அந்த முகத்தைப் பார்க்க ஐலாவுக்கு இனித்தது. இனித்ததே என்று மறுகணம் பயந்துபோனாள்.

"அவ தப்பு இல்ல. அந்தக் குறிப்பு என் பட்டியல்ல இருந்துச்சு. நான்தான் அழிச்சுட்டு அனுப்பினேன்."

"ஏன் ஐலா?" என்றாள் ஜானெல்.

"நீ நல்லாப் பண்ணிடுவியேன்னுதான்."

ஜானெல் திட்டவில்லை. "இப்போ அனுப்புங்க," என்று மட்டும் சொன்னாள். ஏழு மணிவரை இருவரும் அருகருகே உட்கார்ந்து குறிப்புகளை ஒவ்வொன்றாக ஏற்றினார்கள்.

ஐலாவுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. கிறிஸ்துமஸ் வரை ஜானெல் வேலைப் பேச்சைத் தவிர வேறு பேசவில்லை. அடுத்த வசந்தத்தில் ஜானெலை உதவி மேலாளராக அறிவித்தபோது ஐலாவும் எழுந்து நின்று கைதட்டினாள். அடிவயிறு அப்போதும் எரிந்தது. தட்டி முடித்ததும் தன் மேசைக்குப் போய், அந்த வாரம் புதிதாகச் சேர்ந்த குழந்தைகளின் வீடுகளுக்குக் குறிப்பு எழுதத் தொடங்கினாள்.