கம்பளிக்குப் பதிலாக வந்த ஏரி

அப்பா கம்பளி கேட்கத்தான் பங்களாவுக்குப் போனார். திரும்பி வந்தபோது அவர் கையில் ஒரு கண்ணாடிக் கட்டி இருந்தது.

எழுபதுகளின் கடைசியில் வந்த ஒரு ஜனவரி அது. கந்தப்பளைக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அப்பாவுக்குத் துரை பங்களாப் பூச்செடிகளைப் பார்க்கும் வேலை. அம்மா கொழுந்து எடுத்தாள். தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்தில் எங்களுடையது கடைசி அறை. காற்று முதலில் எங்களைத்தான் விசாரிக்கும். தம்பி பிறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அவனுக்கு நெஞ்சில் சளி கட்டியிருந்தது. வருடந்தோறும் தோட்டத்தில் கொடுக்கும் கம்பளி அந்த முறை இன்னும் வரவில்லை. வீட்டில் இருந்த ஒன்றும் நடுவில் நைந்து, விரித்துப் பிடித்தால் அடுப்பு வெளிச்சம் தெரிந்தது.

பங்களாவுக்கு அப்போது ஒரு வெள்ளைக்காரத் துரைசாணி விருந்தாளியாக வந்திருந்தார். ஏரி உறைந்து, ஆட்கள் அதன்மேல் நடந்துபோகும் வடக்குத் தேசம் அவருடையது. உலை வைத்துக் கண்ணாடியை உருக்கி, தன் ஊர் ஏரியையும் காட்டையும் அதற்குள் செய்துவைப்பதுதான் அவர் தொழில் என்று பங்களாச் சமையல்காரர் சொன்னாராம். விளக்கும் இல்லை, பாத்திரமும் இல்லை, இதை யார் வாங்குவார்கள் என்பது லயத்தில் சில நாள் பேச்சாக இருந்தது.

“நல்ல மனசுக்காரங்களாம். பழைய கம்பளி ஒன்னு கேட்டுப் பாருங்க,” என்றாள் அம்மா. “பிளாங்கட்னு சொன்னா வெளங்கும்.”

அப்பா முகம் கழுவும்போதும் அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்தார்.

அன்று காலை உறைபனி விழுந்து, பள்ளத்துத் தேயிலை மலை முழுக்க வெள்ளையாகக் கிடந்தது. வெயில் ஏறியதும் கொழுந்து கருகிவிடும். கருகினால் வேலை இல்லை. பெண்கள் வெறும் கூடையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். துரைசாணி அப்பாவைக் கூட்டிக்கொண்டு பள்ளத்தில் இறங்கி, முழங்காலை ஊன்றி, பனி பிடித்த இலைகளைப் படமெடுத்துக்கொண்டே இருந்தார். பங்களாவுக்குத் திரும்பியதும் உள்ளே போய், தான் செய்த கண்ணாடி ஒன்றைக் கொண்டுவந்து அப்பாவிடம் கொடுத்துவிட்டார்.

“ரெண்டு கையாலயும் நீட்டுனாங்க,” என்றார் அப்பா. “கண்ணெல்லாம் தண்ணி, அம்புட்டு சந்தோசம். அதுக்கு மேல எப்புடிக் கேக்குறது?”

“அப்ப இதயே புள்ளைக்குப் போத்துங்க,” என்றாள் அம்மா.

செங்கல் அளவு இருக்கும். அடியில் கருநீல ஏரி, கரையில் இலையில்லாத வெள்ளை மரங்கள், அவற்றின் மேல் யாரோ மூச்சு விட்டதுபோலச் சின்னக் குமிழிகள். நான் அதைத் தம்பியின் முகத்துக்கு நேரே பிடித்துக் காட்டினேன். அவன் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு இருமினான்.

“அத அங்கிட்டு வைடி. பாத்தாலே குளிருது,” என்றாள் அம்மா.

அந்த வாரம் முடிவதற்குள் தம்பி இறந்துபோனான். டிஸ்பென்சரி மருந்து போத்தலில் பாதி மிச்சமிருந்தது.

செய்தி கேட்டுத் துரைசாணி லயத்துக்கே வந்தார். அப்பா வளர்த்த பூக்களையே கட்டிக் கொண்டுவந்திருந்தார். குனிந்து உள்ளே நுழைந்தவர், சாமிப் படத்துக்குப் பக்கத்தில் தன்னுடைய கண்ணாடி இருப்பதைக் கண்டு, அழுகைக்கிடையே கொஞ்சம் சிரித்தார். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அம்மாவும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

அவர் ஊருக்குப் போனபின் அப்பா கண்ணாடியைத் துணியில் சுற்றித் தகரப் பெட்டிக்குள் வைக்கப் போனார்.

“அது அங்கனயே இருக்கட்டும்,” என்றாள் அம்மா. “நீங்க வாங்கிட்டு வந்ததுதானே.”

அதன்பிறகு தினமும் மலையிலிருந்து வந்ததும், கை கால் கழுவுவதற்கு முன்பே, அம்மா முந்தானையால் அந்தக் கண்ணாடியைத் துடைப்பாள். ஏரியில் ஒரு தூசு இராது. அம்மாவுக்கு அது அவ்வளவு பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். இத்தனை அழகான பொருளைக் கொண்டுவந்த அப்பா, சோறு தின்னும்போது ஏன் அதற்கு முதுகைக் காட்டியே உட்காருகிறார் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.