சைரன் வரும்வரை மணியடிப்பவர்

சம்மனசுபுரம் கோயிலுக்கு முன்னால் ஓர் இரும்புக் கம்பம் நிற்கிறது. தென்னையைவிட ஒரு முழம் உயரம் கூடுதல். உச்சியில் சைரன் வைக்கப்போவதாகச் சொல்லித்தான் நட்டார்கள். வடகிழக்கே, மாவட்ட எல்லை தாண்டி, தெளிவான நாளில் அணு உலையின் இரண்டு கும்மட்டங்கள் தெரியும். அங்கே ஏதாவது கோளாறு என்றால் சைரன் ஊதும், ஊர் தப்பித்துக்கொள்ளும். ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான். சைரன் மட்டும் வரவில்லை.

கம்பம் வந்து பதினான்கு மாதம் ஆயிற்று. அதற்குள் அது பார்க்காத வேலை இல்லை. வலை காயப்போட்டார்கள். திருவிழாத் தோரணம் கட்டினார்கள். அந்தோணியாருக்கு நேர்ந்துவிட்ட ஆடு அதன் அடியில் நின்று கொழுத்தது. உச்சியில் காக்கை குஞ்சு பொரித்து, குஞ்சுகளும் பறந்துபோயின. ஊதுகிற வேலை ஒன்றுதான் பாக்கி.

மாதத்துக்கு ஒருமுறை ஆன்ஸ்லின் வருவான். தக்கலைக்காரன், சைரன் மாட்டக் குத்தகை எடுத்த கம்பெனியில் வேலை. பைக்கை நிறுத்தி, கம்பத்தை அண்ணாந்து பார்த்து, போனில் ஒரு படம் எடுத்துக்கொள்வான். பிறகு காரணம் சொல்வான். சைரன் தாமதித்தாலும் காரணம் ஒருநாளும் தாமதித்ததில்லை. முதலில் பெட்டி துறைமுகத்தில் கிடந்தது. பிறகு பெட்டி வந்தது. உள்ளே குழாய் இருந்தது, மோட்டாரைக் காணவில்லை. பிறகு மோட்டார் வந்தது. அது வேறு ஏதோ குழாய்க்கு உரியது.

“என்ன மக்கா, இந்தத் தடவ என்னது வந்திருக்கு?” என்று கேட்பார் கோயில்பிள்ளை ஏசுஅடிமை.

“அடுத்த மாசம் கண்டிப்பா அண்ணே.”

“எந்த வருசத்து அடுத்த மாசம்?”

கோயில்பிள்ளை என்றால் கோயில் கதவைத் திறந்து, மெழுகுதிரி ஏற்றி, மணி அடிக்கிறவர். ஏசுஅடிமைக்கு ஐம்பத்திரண்டு வயது. ஆள் எவ்வளவு ஒல்லி என்றால், கயிற்றை அவர் இழுக்கிறாரா, கயிறு அவரை இழுக்கிறதா என்று பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வந்துவிடும். வேடிக்கையாகப் பேசுவார். ஆனால் ஆன்ஸ்லின் அன்று அணு உலையின் போன் நம்பர் எழுதிய ஒரு துண்டுத்தாளைக் கையில் தந்து சொன்ன வார்த்தையில் அவருடைய வேடிக்கை எல்லாம் வற்றிவிட்டது.

“சைரன் வாறது வரைக்கும் நம்ம கோயில் மணிதான் அண்ணே. அங்கயிருந்து உங்களுக்குப் போன் வரும். நீங்க மணிய அடிச்சாப் போதும்.”

“அடிச்சா?”

“அடிச்சா எல்லாரும் வீட்டுக்குள்ள போய் கதவு சன்னல அடைச்சிட்டு இருக்கணும். யாரும் வெளிய நிக்கப்பிடாது. காத்துல வாற சாமானில்லா, கண்ணுக்குத் தெரியாது.”

ஏசுஅடிமை தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

சம்மனசுபுரம் கோயிலில் இரண்டு மணி உண்டு. பெரிய மணியை நிறுத்தி நிறுத்தி அடித்தால் சாவு. எண்ணிக்கை இல்லாமல் படபடவென்று அடித்தால் கடலில் வள்ளம் கவிழ்ந்துவிட்டது என்று அர்த்தம். அதைக் கேட்டால் ஊரே கரைக்கு ஓட வேண்டும். ஆண்கள் கயிற்றோடும் துடுப்போடும் ஓடுவார்கள். பெண்கள் அடுப்பை அப்படியே போட்டுவிட்டு ஓடுவார்கள். பாட்டன் காலத்திலிருந்தே அப்படித்தான். ஆபத்து என்றால் கரைக்கு. அதற்கு மாற்றாக ஒன்றும் அந்தக் கால்களுக்குத் தெரியாது.

இது ஏசுஅடிமைக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது.

2004இல், கிறிஸ்மஸுக்கு மறுநாள், பூசை முடிந்த நேரம். மணிக்கூண்டின் சன்னல் வழியாகப் பார்த்தவருக்குக் கடல் இருந்த இடத்தில் கடலைக் காணவில்லை. அதுவரை யாரும் பார்த்திராத பாறைகள் கறுத்துத் தெரிந்தன. வள்ளங்கள் மணலில் சாய்ந்து கிடந்தன. ஏதோ கெட்டது வருகிறது, ஊரை எழுப்ப வேண்டும் என்று மட்டும் தோன்றியது. பெரிய மணியைப் படபடவென்று அடித்தார். ஊர் எழும்பியது. எழும்பிக் கரைக்கு ஓடியது.

தம்பி சுந்தரராஜ் தோளில் வடக்கயிற்றோடு மணிக்கூண்டுக்குக் கீழே ஓடினான். ஓடிக்கொண்டே அண்ணாந்து கேட்டான்: “யாருக்க வள்ளம்ணே?”

அதற்குப் பதில் சொல்லத் தண்ணீர் விடவில்லை. அன்று ஓடியவர்களில் ஒன்பது பேர் திரும்பவில்லை.

ஊரில் ஒருவரும் அவரைக் குற்றம் சொல்லவில்லை. கடல் வந்ததற்கு மணி என்ன செய்யும் என்றார்கள். மற்ற எல்லாவற்றுக்கும் ஒருவரை ஒருவர் கிழித்து உப்புப் போடுகிற ஊர், இதற்கு மட்டும் வாய் திறக்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

இப்போது மறுபடியும் அதே மணி, அதே கை.

அவர் கோயிலின் பாதிரியாரான பங்குச்சாமியிடம் போனார். சாமியார் ஊர்க்கூட்டத்தில் விஷயத்தை வைத்தார். இனிமேல் பெரிய மணி அடித்தால் கரைக்கு ஓடாமல் வீட்டுக்குள் போக வேண்டும் என்று ஏசுஅடிமை எழுந்து சொன்னார். வள்ளக்காரர் ஞானதாசன் உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டார்:

“அப்பம் வள்ளம் கவுந்தா நீரு வீடு வீடா வந்து வெத்தல வச்சு அழைப்பீரோ?”

கூட்டம் சிரித்தது. சைரன்தான் அடுத்த மாதம் வரப்போகிறதே, அதற்குள் எதற்குப் புது வழக்கம் என்று முடித்துக்கொண்டார்கள்.

அதன்பிறகு ஏசுஅடிமை மணிக்கூண்டிலேயே குடியேறியதுபோல் ஆனார். அந்த ஊரில் போனுக்கு டவர் கிடைக்கிற ஒரே இடம் கூண்டின் நான்காவது படி. அங்கேயே உட்கார்ந்து கிடந்தார். போனை பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டார். காலையில் எழுந்ததும் காற்று எங்கிருந்து வீசுகிறது என்று பார்ப்பார். கும்மட்டத்துக்கு மேல் மேகம் ஒதுங்கினாலும் போனை எடுத்துப் பார்ப்பார். கரையில் மீன் காயப்போடும் அவர் மனைவி செசிலிக்குப் பொறுக்கவில்லை.

“போனக் கெட்டிப்பிடிச்சிட்டுக் கெடக்கீரே, என்னைய ஒருநா இப்பிடிப் பிடிச்சதுண்டா?”

“நீ அடிச்சா வாங்கித்தானே ஆவணும்? இது அடிச்சிரப்பிடாதுன்னுதான் பிடிச்சிட்டிருக்கேன்.”

2012இல் ஒரு செவ்வாய்க்கிழமை. பத்தரை மணி இருக்கும். விடியுமுன் போன கரண்ட் இன்னும் வரவில்லை. அந்த வருடம் கரண்ட் வருவதுதான் செய்தி. கோயில் மைக் செத்துக் கிடந்தது. போனும் சார்ஜ் இல்லாமல் கண்ணை மூடிவிட்டது. ஏசுஅடிமை நான்காவது படியில் இருந்து அதைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

ஆயிரம் குக்கர் சேர்ந்து சீறுவது போல ஒரு சத்தம். நிற்கும் என்று பார்த்தால் நிற்கவில்லை. கம்பத்து உச்சியிலிருந்த காக்கை பறந்தது. ஊரிலுள்ள அத்தனை காக்கையும் பறந்தன. ஏசுஅடிமை சன்னலுக்கு ஓடினார். இரண்டு கும்மட்டங்களுக்கும் நடுவே வெள்ளையாக ஒன்று பொங்கி எழும்பிக்கொண்டிருந்தது. காற்று அங்கிருந்து ஊரைப் பார்த்துத்தான் வீசியது.

வீடுகளிலிருந்து ஆட்கள் வெளியே வந்தார்கள். கீழே ஞானதாசன் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு ஓடிவந்தார். “ஓய் ஏசு! பெரிய மணிய அடியும் ஓய்! என்னத்தப் பாத்துட்டு நிக்கீரு?”

கை தானாகப் பெரிய மணியின் கயிற்றுக்குப் போனது. பிடித்தும்விட்டது. அப்போது சன்னல் வழியே கரை தெரிந்தது. செசிலியும் வேறு ஆறு பெண்களும் காயப்போட்ட மீனுக்கு நடுவில், நெற்றியில் கைவைத்து, அந்த வெள்ளையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். இப்போது இந்தக் கயிற்றை இழுத்தால் மிச்ச ஊரும் அவர்களோடு போய் நிற்கும்.

யாருக்க வள்ளம்ணே?

கயிறு கையில் சுட்டதுபோல் விட்டுவிட்டார். பக்கத்தில் மெலிந்த கயிறு ஒன்று தொங்கியது. சின்ன மணி. தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு வீடுகளில் சொல்லும் செபமாலைக்கு மட்டும் அடிப்பது. அது கேட்டால் ஊரில் எல்லாரும் வீட்டுக்குள் போய்விட வேண்டும். வெளியே சுற்றுகிறவர்கள் பெயரை ஞாயிற்றுக்கிழமை சாமியார் மைக்கில் வாசித்து மானத்தை வாங்கிவிடுவார்.

ஏசுஅடிமை அந்தக் கயிற்றை இழுத்தார். பத்தரை மணி வெயிலில் சம்மனசுபுரத்தில் சாயங்கால மணி அடித்தது.

ஊர் சூரியனைப் பார்த்தது. பிறகு கோயிலைப் பார்த்தது. குழாயடியில் நின்ற பெண்களுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் கை முந்தானையை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டது. கால் வீட்டைப் பார்த்து நடந்தது. ஏன் போகிறோம் என்று தெரியாமலே போனார்கள். ஆண்களும் பின்னால் போனார்கள். நான்கு பேர் மட்டும் அவரைத் திட்டுவதற்காக வெயிலில் கோயிலை நோக்கி வந்தார்கள்.

ஞானதாசன் படியேறி வந்து மணிக்கட்டைப் பிடித்தார். “காலையிலயே ஊத்தியாச்சா ஓய்? இந்நேரம் என்ன செபமாலை?”

“உள்ள போவும். கதவ அடையும்,” என்றார் ஏசுஅடிமை. “வையணும்னா உள்ள இருந்து வையும். உம்ம காலப் பிடிக்கேன் ஓய், வெளிய நிக்காதயும்.”

ஞானதாசன் அந்த முகத்தைப் பார்த்தார். பிறகு சன்னல் வழியாகக் கரையைப் பார்த்தார். அங்கே ஒருத்தரும் இல்லை. அவர் கையை விட்டுவிட்டுக் கீழே இறங்கினார். மற்ற மூவரையும் கோயிலுக்குள் தள்ளிக் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

சத்தம் அரைமணி நேரம் இருந்தது. அது நின்ற பிறகும் சின்ன மணி நிற்கவில்லை. கயிற்றில் இரத்தம் பிசுபிசுத்தது.

மத்தியானம் ஆன்ஸ்லின் வந்தான். ஒன்றும் இல்லையாம். ஆவியை வெளியே விட்டுச் சோதித்துப் பார்த்தார்களாம். “மெசேஜ் அனுப்பினாவளே அண்ணே, பாக்கலியா?” என்றான். கம்பத்தைப் படம் எடுத்தான். “அடுத்த மாசம்...” என்று தொடங்கியவன் ஏசுஅடிமையின் உள்ளங்கையைப் பார்த்து, மிச்சத்தை விழுங்கிவிட்டுப் போனான்.

ஒன்றுமில்லை என்ற பிறகும் ஏசுஅடிமையின் கணக்கு முடியவில்லை. நாலு பேர் வெளியே வந்தார்களே. நிஜமாக இருந்திருந்தால் அந்த நாலு பேர்? விரல் மடக்கி எண்ணிக்கொண்டே வீட்டுக்கு வந்தார். வாசலில் செசிலி காத்திருந்தாள்.

“எட்டுக் கிலோ நெத்திலி! பூரா காக்கா கொண்டு போச்சு. கண்ட நேரத்துல மணியடிச்சிட்டு வந்து நிக்கீரே, உமக்குக் கூறு உண்டா?”

“நீ எதுக்குப் போட்டுட்டுப் போன?”

“மணி கேட்டா உள்ள போவாண்டாமா? நல்லாக் கேக்கீரே!”

அவர் வேகமாகத் தொட்டிக்குப் போய் முகம் கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார். செசிலி தேங்காயெண்ணெயோடு வந்து, திட்டுவதை நிறுத்தாமலே, கையைப் பிடித்துத் தடவிவிட்டாள்.

ஏழு மணிக்கு மறுபடியும் சின்ன மணியை அடிக்க வேண்டியிருந்தது. துணி சுற்றிய கையோடு அடித்தார். கதவுகள் ஒவ்வொன்றாக அடைபட்டன. கோயிலுக்கு எதிர்வீட்டு ஞானதாசன் மட்டும் வாசலிலேயே நின்று கத்தினார்:

“ஓய், இது எது? செபமாலையா, மத்ததா?”

“ரெண்டுக்கும் உள்ளதான் போவணும்!”

ஞானதாசன் முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனார். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்கும்வரை ஏசுஅடிமை கயிற்றை விடவில்லை.