யாரும் பிடிக்காத பேனர்

போன வருடம் தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால், பினாங்கில் சுங்கை பினாங் பக்கம் ஓர் அடுக்குமாடி பிளாட்டின் கீழே நடந்தது இது. எந்த பிளாட், எந்த அலுவலகம் என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் சம்பந்தப்பட்டவர்களுக்குக் கோபம் வரும். கோபப்பட வேண்டியவள் நான், அந்த வேலையையும் அவர்களுக்கு எதற்குக் கொடுக்க வேண்டும்?

கோலாலம்பூரில் பொதுக் கொள்கை படித்து முடித்து, ஜார்ஜ் டவுனில் அரசு சார்ந்த ஓர் அலுவலகத்தில் ஒப்பந்த அடிப்படையில் அப்போதுதான் சேர்ந்திருந்தேன். எங்கள் வீட்டில் அப்பா, தாத்தா எல்லோரும் அரசாங்க குமாஸ்தாக்கள். பட்டதாரி அதிகாரியாகப் போகும் முதல் ஆள் நான் என்று அப்பா சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் லேசுப்பட்டவள் இல்லை. திட்டம் போடும் முன் மக்களிடம் கருத்துக் கேட்பது எப்படி என்று பல்கலைக்கழகத்தில் ஆய்வுக் கட்டுரையே எழுதியவள். நாட்டைத் திருத்த எனக்காகத்தான் காத்திருக்கிறார்கள் என்ற நினைப்பு.

அலுவலகத்தில் கருத்துக் கேட்கும் முறை வேறு மாதிரி இருந்தது. முடிவை முதலில் எடுத்துவிடுவார்கள். பிறகு பேனர் அடிப்பார்கள், சாப்பாட்டுக்குச் சொல்வார்கள். மக்கள் வந்து சேருவது கடைசியில்தான்.

அந்த பிளாட்டின் முன்னால் கொஞ்சம் காலி இடம் இருந்தது. அதைத் தடுப்புக் கம்பம் போட்ட கார் பார்க்காக மாற்றுவது திட்டம். அங்கே குடியிருப்பவர்களில் பெரும்பாலோர் நம் ஆட்கள் என்பதால், தமிழில் எடுத்துச் சொல்ல என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். என் மேலதிகாரியும் நம்மவர்தான். ஆனால் தமிழ் வராது. சின்ன வயதிலிருந்தே வீட்டில் இங்கிலீஷ்தான் என்பதை ஏதோ பட்டம் வாங்கியது போலச் சொல்லிக்கொள்வார்.

கூட்டத்துக்கு முதல் நாள் பேனரை எடுத்து வர என்னை அச்சுக்கடைக்கு அனுப்பினார். பிரித்துப் பார்த்தேன். புதிய கார் பார்க்கைக் குடியிருப்பாளர்களாகிய நாங்கள் ஒருமனதாக வரவேற்கிறோம் என்று மலாயில் பெரிய எழுத்தில் அடித்திருந்தது. கூட்டமே இன்னும் நடக்கவில்லையே பாஸ் என்றேன். "பேனர் இல்லாம எப்படி ஃபோட்டோ எடுக்கிறது?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே அவருக்கு என் சந்தேகம் புரியவில்லை. அதுதான் எனக்கு அதிக எரிச்சலாக இருந்தது.

மறுநாள் சாயங்காலம் கீழே நாற்காலி போட்டு மக்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்தில் மேசை மேல் மீ கோரெங் நூடுல்ஸ் பொட்டலங்கள் அடுக்கியிருந்தன. பாஸ் திரையில் படம் காட்டி இங்கிலீஷும் மலாயும் கலந்து பேசினார், நான் தமிழில் சொன்னேன். கார் நிறுத்த இடமில்லாமல் தினமும் சண்டை நடக்கும் இடம்தான் அது, நிறையப் பேர் தலையாட்டினார்கள். எதிர்த்துப் பேச வேண்டும் என்று யாரும் வந்திருக்கவில்லை.

அப்போது முன்வரிசையில் இருந்த ஓர் ஆன்ட்டி எழுந்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். பசாரில் மீன் பேரம் பேச அவருக்கு மலாய் தாராளமாகப் போதும். ஆனால் இதைக் கேட்க அவர் என்னைப் பார்த்துத்தான் திரும்பினார்.

"எங்க வூட்டுக்காரரு மேல படுத்த படுக்கையா இருக்காரும்மா. டாக்டரு கைய விரிச்சிட்டாரு. இந்த லிஃப்ட்டுல பொட்டி நொழையாது. வூட்டுக்குள்ள நாலு பேரு நிக்க முடியாது. இங்க யாரு போனாலும் படிக்கட்டுல தூக்கியாந்து, இந்த எடத்துலதான் கூடாரம் போட்டு வச்சி அனுப்புவோம். இத கார் பார்க்கா ஆக்கிட்டா அவர நான் எங்க வைக்கிறது?"

குரல் தழுதழுக்கவில்லை. அழுகையெல்லாம் அவர் முன்பே மாடியில் முடித்துவிட்டு வந்தது போல இருந்தது. எங்கள் வீடு தரை வீடு. சாவு விழுந்தால் வாசலில் கூடாரம் போடுவோம், இடம் என்பதை ஒரு கேள்வியாகவே நான் நினைத்ததில்லை.

பாஸிடம் இங்கிலீஷில் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு என் பக்கம் சாய்ந்து, அதே இங்கிலீஷில், கார் பார்க்கைப் பற்றிப் பேச வந்தால் இவர்கள் ஏன் பிணத்தைப் பற்றிப் பேசுகிறார்கள், குறித்துக்கொண்டோம் என்று சொல்லி முடித்துவிடு, மீ கோரெங் ஆறிவிடும் என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு மட்டும் இல்லையென்றால் அவர் சொன்னதை நான் செய்திருப்பேனோ என்னவோ. அந்த ஆன்ட்டி இன்னும் உட்காராமல் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். உயிரோடு இருக்கும் கணவனைப் பற்றி, ஊர் முன்னால், இப்படி ஒரு கேள்வி கேட்க ஒரு பெண்ணுக்கு எவ்வளவு மனசு வேண்டும்? அதற்குப் பதில் குறித்துக்கொண்டோம் என்பதா? எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

என்னை மொழிபெயர்க்கத்தானே கூட்டி வந்தீர்கள் என்று நினைத்துக்கொண்டு மைக்கை எடுத்தேன்.

"ஐயா சொல்றாரு, கார் பார்க்க பத்தி பேச வந்தா ஏன் பொணத்த பத்தி பேசுறீங்களாம். குறிச்சிக்கிட்டோம்னு சொல்லி முடிச்சிடச் சொல்றாரு. மீ கோரெங் ஆறிடுமாம்."

பாஸ் என்னைப் பார்த்த பார்வையில் ஒன்று தெரிந்தது, அவருக்குத் தமிழ் அவ்வளவு ஒன்றும் வராமல் இல்லை.

யாராவது கத்துவார்கள் என்று பயந்தேன். யாரும் கத்தவில்லை. ஆன்ட்டி மட்டும் மெதுவாக, "அப்ப ஆறதுக்குள்ள எடுத்துட்டுப் போயிடுங்க லா. எங்களுக்கு வேணாம்" என்றார். சொல்லிவிட்டு மாடிப்படிப் பக்கம் நடந்தார். அவர் பின்னால் ஒருவர், இன்னும் இரண்டு பேர் என்று எல்லோரும் எழுந்தார்கள். நாற்காலிகளை அவர்களே மடக்கி வைத்துவிட்டுப் போனார்கள். ஒரு பொட்டலத்தைக்கூட யாரும் தொடவில்லை.

பேனரைப் பிடிக்க ஆளில்லை. ஆனாலும் படம் எடுக்காமல் போக முடியாதே, மேலிடத்துக்கு அனுப்ப வேண்டுமே. பாஸ், அலுவலக டிரைவர், கேமரா பிடிப்பவரின் உதவியாளர் மூவரும் பேனரைப் பிடித்துக்கொண்டு கட்டை விரலைத் தூக்கி நின்றார்கள். குடியிருப்பாளர்களாகிய நாங்கள் வரவேற்கிறோம். வாழ்க்கையில் நான் பார்த்த மிக வெட்கங்கெட்ட படம் அது.

மறுநாள் பாஸ் என்னை அறைக்குக் கூப்பிட்டார். "அவங்க சொல்றத எங்ககிட்ட வந்து சொல்றது உன் வேல இல்ல. நாங்க சொல்றத அவங்ககிட்ட அழகா சொல்றதுதான் உன் வேல" என்றார், இந்த முறை தமிழிலேயே. ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. அப்பா கொஞ்ச நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. அரசாங்க வேலையில் வாயைக் கட்டத் தெரியவேண்டும் என்று அம்மாவிடம் சொல்வது போல எனக்குச் சொன்னார். பிறகு ஒருநாள் நடந்ததை முழுதாகக் கேட்டுவிட்டு, "அந்தாளு சிரிச்சாரா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

கார் பார்க் திட்டத்தைக் கிடப்பில் போட்டார்கள். ரத்து செய்தோம், தப்பாக நினைத்துவிட்டோம் என்று யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. வடிகால் பிரச்சினையாம். ஒரு பெண் கேட்ட கேள்விக்காக ஒரு திட்டம் நின்றது என்று சொல்வதைவிட, சாக்கடை மேல் பழி போடுவது அவர்களுக்குச் சுலபமாக இருந்தது. பாஸுக்கு அந்த வருடமே பதவி உயர்வு கிடைத்தது.

சில மாதங்கள் கழித்து அந்த ஆன்ட்டியின் கணவர் தவறிவிட்டார் என்று அங்கே குடியிருக்கும் ஒருவர் போன் செய்தார். போனேன். அந்தக் காலி இடத்தில் கூடாரம் போட்டு, நடுவில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். சுற்றி உறவுக்காரர்கள் தாராளமாக உட்கார்ந்து அழ இடம் இருந்தது. தேவாரம் பாடுகிறவர் ஒரு பக்கம், பெட்டியை ஏற்ற மூங்கில் பாடை கட்டுகிறவர்கள் ஒரு பக்கம். ஆன்ட்டி என்னை அடையாளம் கண்டு கையைப் பிடித்துக்கொண்டார். நன்றி என்றெல்லாம் சொல்லவில்லை.

"எடம் இருந்துச்சும்மா" என்றார். அவ்வளவுதான்.

இப்போது வேறொரு அலுவலகத்தில் அதே வேலைதான் பார்க்கிறேன். யார் எந்த வரைபடத்தை மேசை மேல் விரித்து இங்கே கார் நிற்கும், இங்கே கடை வரும் என்று காட்டினாலும், இங்கே ஒருவர் இறந்தால் அவரை எங்கே வைப்பார்கள் என்று கேட்கிறேன். சிலர் முகம் சுளிக்கிறார்கள், சிலர் சிரிக்கவும் செய்கிறார்கள். சிரிப்பவரின் பெயரை அந்த இடத்திலேயே மனதில் எழுதிக்கொள்கிறேன், ஏனென்றால் அடுத்த பேனரைப் பிடித்துக்கொண்டு தனியாக நிற்கப் போவது அவர்தான்.