நல்ல பிள்ளை, கரைச்சல் இல்லை

மவுண்ட் வெல்லிங்டன் தமிழ்ச் சனம் மாகிரட்டுக்கு வைத்த பெயர் ‘கரைச்சல் மாகிரட்’; எந்நேரமும் தொல்லை கொடுப்பவள் என்று அர்த்தம். மன்னாரில் பிறந்தவள், பென்ரோஸில் ஒரு பண்டகசாலையில் வேலை. லீவு நாட்களில் கர்ப்பிணிகளோடு ஆஸ்பத்திரிக்குப் போவாள். சுகாதாரக் கூட்டங்களில் மாவோரி, சமோவாப் பெண்களுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு அதிகாரிகளின் உயிரை எடுப்பாள். வெள்ளைக்காரி உடம்பு ஒரு மாதிரி இருக்கிறது என்று சொன்னால் ஓடி வருகிறீர்கள், எங்களை மட்டும் ஏன் காத்திருக்கச் சொல்கிறீர்கள் என்ற ஒரே கேள்விதான்.

பெயர் வைத்தவர்களுக்கு அஞ்சலினாவைத் தெரியாது. மாகிரட்டின் முதல் பிள்ளை. அசைவு குறைந்துவிட்டது என்று ஆஸ்பத்திரிக்குத் திரும்பத் திரும்பப் போன் எடுத்தும், முதல் பிள்ளைக்காரிகள் இப்படித்தான் பயப்படுவார்கள் என்று வீட்டிலேயே இருக்கச் சொன்னார்கள். பிள்ளை வயிற்றுக்குள்ளேயே அடங்கிப்போனது.

ஒரு ஞாயிறு, பூசை முடிந்து, எட்டு மாதக் கர்ப்பிணியான நிசாந்தினிக்குப் புட்டு அவித்துக்கொண்டு கிளென் ஈடனுக்குப் போனாள்.

“பிள்ளை எப்பிடியடி?”

“நல்ல பிள்ளை அக்கா. முந்தி உதைச்சு உதைச்சு நித்திரை கொள்ள விடாது. இப்ப ரெண்டு நாளா ஒரு கரைச்சலும் தாறேல்லை.”

மாகிரட் புட்டுப் பாத்திரத்தை மேசையில் வைத்தாள்.

“மிட்வைஃபுக்குச் சொன்னியா?”

“ஓம். நேற்று இன்ரபிரிட்டரை வைச்சுப் போனில கதைச்சனாங்கள். பிள்ளை கரைச்சல் தாறேல்லை எண்டு சொன்னனான். அவவுக்கு நல்ல சந்தோசம்.”

மொழிபெயர்த்தவரைக் குறை சொல்ல முடியாது. பிரச்சினை ஒன்றுமில்லை என்று சொல்லுக்குச் சொல் சரியாகத்தான் சொல்லியிருப்பார்.

“காரில ஏறு. கேள்வி கேக்காதை.”

ஆஸ்பத்திரி வரவேற்பில் இருந்தவள் கணினியைப் பார்த்தாள். பிரச்சினை இல்லை என்றுதானே பதிவாகியிருக்கிறது, இருங்கள், கூப்பிடுவோம் என்றாள். மாகிரட் இருக்கவில்லை. பிள்ளை அசையவில்லை என்று அந்தக் கூடமே திரும்பிப் பார்க்க ஆங்கிலத்தில் கத்தினாள். காவலாளி வந்தான். அவனிடமும் கத்தினாள். சத்தம் கேட்டு உள்ளிருந்து ஒரு மிட்வைஃப் வந்து நிசாந்தினியைக் கூட்டிப்போனாள்.

கருவியை வயிற்றில் வைத்துப் பிள்ளையின் துடிப்பைத் தேடினார்கள். இடம் மாற்றித் தேடினார்கள். மிட்வைஃபின் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்லக் கழன்றது.

“பிள்ளை நித்திரையோ அக்கா?” என்றாள் நிசாந்தினி. மாகிரட் அவளின் கையைப் பிடித்துக்கொண்டாள். இப்படி ஒரு அறையில்தான் அஞ்சலினாவுக்கும் துடிப்புத் தேடினார்கள்.

பிறகு ஒரு துடிப்பு கேட்டது. களைத்த, விட்டுவிட்டு வரும் துடிப்பு. யாரோ அவசர மணியை அடித்தார்கள். கட்டிலை ஒப்பரேசன் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள்.

ஆண் பிள்ளை. உயிர் இருந்தது, சத்தம் இல்லை. குழாய்களோடு கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தான். எதையும் இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர். மாகிரட் வேலைக்குப் போனாள், வந்தாள். போன் அடித்தால் முதல் மணியிலேயே எடுத்தாள்.

ஒரு மத்தியானம் பண்டகசாலையில் போன் அடித்தது. நிசாந்தினி. பேச்சே இல்லை, வீறிட்ட அழுகைதான் கேட்டது.

“கேக்குதே அக்கா? குழாய் கழட்டினதிலயிருந்து இவன் ஒரே கரைச்சல்!”

மாகிரட் பெட்டிகளுக்கு நடுவே அப்படியே குந்தினாள். அஞ்சலினாவின் குரல் எப்படி இருந்திருக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

“போனை வைக்காதையடி,” என்றாள். “இன்னும் கொஞ்சம் அழட்டும்.”